போன வருடம் உனக்குச் சுட்டதா?

அன்புள்ள சாமி,

இப்படி நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைத் திறந்துவிட்டுப் பதறாதே. இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அப்பா மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டார். விடிந்ததும் எழுதலாம் என்றுதான் நானும் படுத்தேன். கண்ணை மூடினால் உன் குதிகால்தான் வந்து நிற்கிறது. போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிங்மா, சரிங்மா" என்பாய். அந்தச் சரிங்மாவுக்கு என்ன அர்த்தம் என்று உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா? உனக்கும் எனக்கும் இருபத்தோரு வயதுதான் வித்தியாசம். பஸ்ஸில் "தம்பிங்களா?" என்று என்னிடம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனாலேயோ என்னவோ, நான் சொல்வதை நீ அம்மா சொல்வதாக எடுத்துக்கொள்வதே இல்லை. இந்த ஒரு முறை எடுத்துக்கொள்.

சாயங்காலம் நீ குடும்ப குரூப்பில் ஒரு போட்டோ போட்டாய். மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் காப்பு, கோயமுத்தூர் கணபதியில் உன் ரூமின் மொட்டை மாடி, கைப்பிடிச் சுவரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து சிரிக்கிறாய். சித்தி இதயம் போட்டாள், பெரியப்பா கும்பிடு போட்டார். எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். நான் அதை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, கேமராவுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்த உன் இடது பாதத்தைப் பார்த்தேன். கோயில் நோன்பு தொடங்கிய பூச்சாட்டு ஞாயிற்றுக்கிழமை நான் முள் எடுத்த இடம் ஆறவில்லை. கறுத்திருக்கிறது. சுற்றிலும் தோல் ஊறிப்போன மாதிரி வெளுத்திருக்கிறது. கறுப்பு அழுக்காக இருக்கலாம், போட்டோவின் நிழலாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் விளக்கை அணைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். குண்டம் இறங்கித் தீ மிதிக்க அம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு, தோப்பு வழியாக நடந்து வீட்டுக்கு வந்தாய். குண்டத்துக்குக் காப்புக் கட்டிய பிறகு நம் ஊரில் யாரும் செருப்புப் போடுவதில்லை. நீயும் வெறுங்காலோடுதான் வந்தாய். உனக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பினேன், ஹால் டைல்ஸ் முழுக்கச் சிவப்புப் பொட்டு. நாய் எதையோ கடித்து இழுத்து வந்துவிட்டது என்று துணி எடுக்கப் போனேன். அப்புறம்தான் அந்தப் பொட்டுகள் வாசலிலிருந்து நேராக உன் நாற்காலிக்குப் போவதைப் பார்த்தேன். உன் காலைத் தூக்கிப் பார்த்தால், குதிகாலில் கருவேல முள் அடிவரைக்கும் ஏறியிருக்கிறது. நீ போனில் யாரிடமோ கிரிக்கெட் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் ஊக்கால் நெம்பி, இழுத்து, பிதுக்கி எடுத்தேன். உன் பேச்சு ஒரு வார்த்தை கூடத் தடுமாறவில்லை.

"ஏஞ்சாமி, வலிக்கலையா?"

"எதுங்மா? ஓ, முள்ளா! கொஞ்ச நாளா அந்தக் குதிகாலு மரத்தாப்புல இருக்குதுங்மா. ஷூ போட்டு நிக்கறதுனால இருக்கும். நீங்க சோத்தைப் போடுங்."

பக்கத்தில் இருந்த பெரியப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாரம்மிணி, முள்ளு எறங்குனதுக்கே அசையல. நெருப்பெல்லாம் இவனுக்கு எந்த மூலைக்கு! அப்பனாட்டமே கல்லுக்காலு. குண்டத்துக்குன்னே பொறந்திருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் சிரிக்கவில்லை. செயற்கைக் காலின் பட்டையை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். அவரை அப்படிப் பார்த்துப் பார்த்து நாம் எல்லோரும் பழகிவிட்டோமே.

அப்பாவின் கால் போனபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய். பரீட்சை நேரம் என்று உனக்குப் பாதியைத்தான் சொன்னோம். மீதியை இப்போது சொல்கிறேன், கேள். உன் அப்பா குண்டம் இறங்குவதைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள் என்பது உனக்குத் தெரியும். மற்றவர்கள் ஓடுவார்கள். அப்பா நடப்பார். கல்யாண மண்டபத்தில் தாலிக்கட்டுப் பார்க்கப் போகிறவர் மாதிரி, அவசரமே இல்லாமல் நடந்து அக்கரை ஏறுவார். "எப்படீங்ணா இருந்துச்சு?" என்று பையன்கள் சுற்றிக்கொண்டு கேட்பார்கள். "பூவு மேல நடந்தாப்புல இருந்துச்சு" என்பார். அந்தச் சொல்லை நம் ஊரே வைத்துக்கொண்டிருந்தது. அவர் பெண்டாட்டி என்று எனக்கும் கோயிலில் ஒரு மரியாதை. எனக்கு அது பிடித்தும் இருந்தது.

அதே வருடங்களில்தான் வேறு சிலதும் நடந்தன. தேங்காய்க் களத்தின் சிமென்ட் தரையில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு நின்று கொப்பரைப் பருப்பைத் திருப்பிப் போடுவார். வேலைக்கு வந்த பெண்கள் சாக்கை விரித்து அதன்மேல் தாவித் தாவிப் போவார்கள். ஒரு நாள் பொள்ளாச்சி சந்தையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். களத்தில் இருந்த சரசக்கா பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, நல்ல வெலை வந்துச்சுன்னு ஒத்தைச் செருப்பை வித்துப்போட்டு வந்துட்டீங்களா?" என்றாள். அப்பாவே குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கி அவ்வளவு தூரம் ஜல்லி ரோட்டில் ஒரு மனிதன் ஒரு கால் வெறும் பாதமாக நடந்து வந்திருக்கிறான், அவனுக்குத் தெரியவில்லை. அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

கடைசியாக அவர் இறங்கிய குண்டத்துக்குப் பிறகு வீட்டில் ஒரு நாற்றம் வர ஆரம்பித்தது. பருப்பு மூட்டைக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். மூட்டைகளை நகர்த்தினோம், கட்டிலுக்கு அடியில் பார்த்தோம், பரண்மேல் ஏறிப் பார்த்தோம். அப்பாவும் கூடவே தேடினார். டார்ச் அடித்துக்கொண்டு அவர் முன்னால் போக, நாற்றமும் அறை அறையாக எங்களோடு வந்தது. கால் சில்லிடுகிறது என்று அப்போது போட்டுக்கொண்டிருந்த சாக்ஸை அவர் உட்கார்ந்து கழற்றியபோதுதான் எலி எங்கே இருக்கிறது என்று புரிந்தது. நெருப்புக் கொப்புளம் குதிகாலில் உடைந்து, உள்ளே எலும்பு வரைக்கும் போயிருந்தது. "வலிக்குதுங்களா?" என்றேன். "ஒண்ணுமில்லையே" என்றார். அந்த "ஒண்ணுமில்லையே"யை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அவருக்குச் சர்க்கரை இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. இத்தனை வருடம் நரம்பைத் தின்றுகொண்டு அது உள்ளேயே இருந்திருக்கிறது.

பொள்ளாச்சி டாக்டரம்மா அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். "பாதத்துல ஒரு நைலான் இழையால தொடுவேனுங்க. தொட்டது தெரிஞ்சா ஆமாம்னு சொல்லுங்க, போதும்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். டாக்டரம்மா குதிகாலில் தொட்டார், பெருவிரலில் தொட்டார், உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். அடுத்த காலுக்கும் போனார். அப்பா கண்ணை இறுக மூடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கவனமாகக் காத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எப்பங் ஆரம்பிக்கிறீங்க?" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "முடிச்சுட்டேனுங்க" என்றார்.

சாமி, அப்பா உட்கார்ந்த அந்த நாற்காலியில் உன்னை உட்கார வைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் இந்த வியாழக்கிழமை அப்பாவுக்கு மாத்திரை வாங்குகிற சாக்கில் டாக்டரம்மாவிடம் போய் உன் விஷயத்தைச் சொன்னேன்.

"பையன் எங்கீங்க?" என்றார்.

"கோயமுத்தூர்ல வேலைல இருக்கானுங்."

"அப்ப உங்க குதிகாலைக் காட்டுங்க, வந்ததுக்கு அதையாச்சும் பாக்கறேன்" என்று சிரித்தவர், நான் முள்ளைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "மரத்தது ஒத்தைக் காலா, ரெண்டு காலுமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "குதிகால் மட்டுமா, விரல் வரைக்குமா?" தெரியவில்லை. "எத்தனை நாளா?" அதுவும் தெரியவில்லை. நான் பி.எஸ்ஸி. படித்தவள், உன்னை வளர்த்தவள்!

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ஒரு குதிகால் மட்டும் மரத்துப் போனால் பெரும்பாலும் நரம்பு எங்கோ அமுங்கியிருக்கும். முதுகெலும்பில் தட்டு விலகி நரம்பை அழுத்தினால் முதுகில் வலியே இல்லாமல் குதிகாலில் போய்த் தெரிவதும் உண்டாம். நீ மோட்டார் பாடியைத் தரையிலிருந்து குனிந்து தூக்குவதை எனக்கு வீடியோவில் காட்டி, "பாருங்மா, என்ற ஜிம்மு" என்றாயே, அது ஞாபகம் வந்தது. இல்லையென்றால், கணுக்காலின் உள்பக்கமாகக் குதிகாலுக்குப் போகிற நரம்பு இறுகியிருக்கலாம். உன் சேஃப்டி ஷூ ஒரு சைஸ் சின்னது, ஸ்டோரில் அதுதான் இருந்தது என்று நீ சொன்னதும் ஞாபகம் வந்தது. இரண்டு பாதமும் சாக்ஸ் மாட்டியது போல மரத்திருந்தால் அது வேறு கதை: சர்க்கரை, தைராய்டு, பி12 வைட்டமின் குறைச்சல், குடி. ஹாஸ்டல் நாளிலிருந்து வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை விழுங்குகிறாயே, அதை வருடக்கணக்கில் போட்டாலும் பி12 குறையுமாம். நீ குடிக்கிறாயா என்று நான் கேட்க மாட்டேன். டாக்டர் கேட்பார், அவரிடம் பொய் சொல்லாதே. கம்பெனியில் ஒரு தடவை எடுத்த சர்க்கரை டெஸ்ட் நார்மல் என்று என்னிடம் காட்டினாய். அது போதாதாம், மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை வேண்டுமாம். உடம்பில் எங்காவது தேமல் போல வெளுத்து, அந்த இடத்தில் தொட்டால் தெரியாமல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். அது என்ன நோய் என்று சொன்னதும் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "அதுக்கும் மாத்திரை இருக்குதுங்க, குணமாயிரும். ஒளிச்சு வைக்கறதுதான் ஆபத்து" என்றார்.

எதுவாக இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம், முக்கால்வாசி சரிசெய்யக் கூடியதுதான் என்றும் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். ஆனால் வெளியே வருவதற்கு முன் இன்னொன்று சொன்னார். கால் தூக்க முடியாமல் தொங்கினாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, மூத்திரம் போவது தெரியாமல் போனாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது, அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட வேண்டும் என்றார். இதை ஒரு பெரிய பையனுக்கு எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன். இப்போதைக்கு வெந்நீரில் காலை வைக்காதே. குதிகால் மரத்தவர்கள் வீட்டில் எல்லோரும் செய்கிற முதல் காரியம் அதுதானாம், வெந்துபோவதே தெரியாமல் வெந்துவிடுமாம். ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து தினமும் பாதத்தின் அடியைப் பார். அந்தக் காயத்தை நாளைக்கே ஒரு டாக்டரிடம் காட்டு.

டாக்டரிடம் காட்டு என்று முன்பே போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "குண்டம் முடிஞ்சதும் காட்டிக்கறேன்ங்மா. புதன்கெழமை தானுங், அதுக்குள்ள என்ன ஆயிரப்போகுது." அந்தப் புதன்கிழமையை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. உனக்குக் குண்டம் முடிந்த பிறகு டாக்டர். எனக்கோ குண்டத்துக்கு முன்னால் டாக்டர். நெருப்பின் மேல் ஓட வைப்பது பக்தி இல்லை, சாமி, சூடு. சுடுகிறவன்தான் ஓடுவான். சுடாதவன் நடப்பான். நடக்க நடக்க வெந்துகொண்டே போவான், கூட்டம் கும்பிட்டுக்கொண்டே நிற்கும்.

ஆத்தாளை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. காப்பை அவிழ்க்கவும் சொல்லவில்லை. விரதத்தை முழுசாக இரு. குண்டத்துக்குப் பதில் பூவோடு எடு. நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி வருவதும் அவளுக்குச் செய்வதுதானே. என் தங்கை உன் வயதில் எடுத்தவள்தான். கைக்குச் சூடு தெரியும். தாங்க முடியாவிட்டால் கை சொல்லிவிடும். பெரியப்பா கேலி செய்வார், உன் கூட்டாளிகள் "பொம்பளையாளுக கூட்டத்துல நிக்கறான் பாரு" என்பார்கள். சொல்லட்டும். உன் அப்பாவின் கல்லுக்காலைப் பெருமையாகச் சொன்ன வாய்களில் ஒன்றாவது ஆஸ்பத்திரியில் என்னோடு ராத்திரி தங்கியதா?

இதையெல்லாம் அப்பாவே உனக்குச் சொன்னால் நீ கேட்பாய் என்று சாயங்காலம் அவரிடம் கெஞ்சினேன். "ஏனுங் மாமா, ஒரு வார்த்தை நீங்க சொல்லுங்க. சுடாமப் போனது அருளில்லை, நோயின்னு சொல்லுங்க" என்றேன். அவர் என் போனில் உன் போட்டோவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. காலும் போய், களமும் கைமாறி, அந்த மனிதரிடம் மிச்சம் இருப்பது ஊரார் சொல்லும் அந்த நடை ஒன்றுதான். அதையும் அவர் வாயாலேயே இல்லை என்று சொல்லச் சொல்கிறேன்.

எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தேன். "அம்மிணி, உக்காரு" என்றார். "யாருகிட்டயும் சொல்லாதது ஒண்ணு சொல்றேன். மொதமொதல்ல எறங்குறப்ப எனக்குச் சுட்டுச்சு."

"என்னங் சொல்றீங்க?"

"உசுரு போறாப்புல சுட்டுச்சு. ஓடித்தான் ஏறுனேன். காலெல்லாம் கொப்புளம். வெளிய சொல்ல முடியுமா? சுட்டுச்சுன்னா வெரதத்துல குத்தம்னு பேசுவாங்களே. மஞ்சளை அரைச்சுப் பூசிக்கிட்டு, பூவு மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிப்போட்டேன். அடுத்தடுத்த வருசமும் சுட்டுச்சு, அப்படியேதான் சொன்னேன். பொறகு கொறைஞ்சுட்டே வந்துச்சு. ஒரு வருசம் சுத்தமா சுடவேயில்ல. ஆத்தா என்னை ஏத்துக்கிட்டான்னு அன்னைக்குத் தோப்புல உக்காந்து அழுதேன்." செயற்கைக் காலின் பட்டையை அவிழ்த்தார். "சுட்ட வருசத்துலதான் அவ தொணைக்கு இருந்திருக்கா போல."

பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "போன வருசம் எறங்குனானே, அவனுக்குச் சுட்டுச்சான்னு கேளு. எங்கிட்டச் சொல்ல மாட்டான். உங்கிட்டச் சொல்லுவான்" என்றார்.

போன வருடம் நீ முதல் தடவை இறங்கியபோது நான் அக்கரையில், பெண்கள் வரிசையில் நின்றேன். நீ ஓடவில்லை. நடந்து வந்தாய். "அப்பனாட்டமே நடை" என்று என் காதுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். நீ ஏறி வந்ததும் ஓடிப்போய் உன் கையைப் பிடித்தேன். "ஒண்ணுமே தெரியலீங்மா, பூவு மாதிரி இருந்துச்சுங்" என்றாய். சிரித்தாய். உன் கை நடுங்கியது. வலியை மறைத்த நடுக்கமா, இல்லை வெறும் பயமா, எதுவென்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. இன்றைக்கு அதைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

சுட்டது என்றால், இந்த மரப்பு புதிது. ஷூவோ முதுகோ, எதுவோ, சீக்கிரம் பிடித்துவிடலாம். சுடவில்லை என்றால், இது ஒரு வருடத்துக்கு மேலாக உன் காலுக்குள் இருக்கிறது, நாம் எல்லோரும் நின்று கைதட்டியிருக்கிறோம். என் பிள்ளை என்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு தாய் வேண்டிக்கொள்வாளா? நான் இப்போது அதைத்தான் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ அன்றைக்குச் சொன்னது பொய்யாக இருக்கட்டும், கண்ணு. உன் விரதத்தில் எந்தக் குற்றமும் இல்லை, நான் சொல்கிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

மற்றதற்கெல்லாம் மெதுவாகப் பதில் போடு. இந்த ஒன்றுக்கு மட்டும், படித்த உடனே, பல் விளக்குவதற்கு முன்னால் பதில் எழுது: போன வருடம் உனக்குச் சுட்டதா? போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். சீக்கிரம் எழுது, சாமி.

அம்மா